ஊதல் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? நாள்பட்ட நெஞ்சு வருத்தக்காரரும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக்கில் ஊதி முடித்ததும் ஒரு தாளைத் தருவார்கள். அதில் ஒரு வளைகோடு, கீழே பத்துப் பதினைந்து எண்கள். டொக்டரிடம் போனால் வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருப்பார்கள். "கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு, மருந்தை ஒழுங்கா எடுங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடும். பிறகு அந்தத் தாளோடு என்னிடம் திரும்பி வருவார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடமாக இந்தப் பரிசோதனையைச் செய்துவருகிறேன். கதவோரத்தில் நின்று அவர்கள் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் பொறுப்பு. ஆனால் உங்கள் மூச்சைப் பற்றி அந்தத் தாள் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கும் விளங்க வேண்டும்.

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழு வேகத்தில் ஊதி, உள்ளே இனி ஒன்றும் இல்லை என்னும் வரை தொடர்ந்து ஊத வேண்டும். ஸ்பைரோமீட்டர் என்ற ஊதல் கருவி இரண்டு விசயங்களைக் குறித்துக்கொள்ளும். மொத்தமாக எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு செக்கனுக்குள் வந்தது எவ்வளவு என்பது எஃப்.இ.வி.1. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி எவ்வளவு பெரிது என்பதை எஃப்.வி.சி. சொல்லும், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை எஃப்.இ.வி.1 சொல்லும். இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் வருவது விகிதம். சுகதேகியான ஒருவர் பொதுவாகத் தன் காற்றில் முக்கால் பங்குக்குக் குறையாமல் முதல் செக்கனிலேயே ஊதிவிடுவார்.

இது புதுக்கருவி அல்ல. லண்டனில் ஜோன் ஹட்சின்சன் என்ற வைத்தியர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து 1846இல் கட்டுரை வெளியிட்டார். அடுத்த வருடம், 1847இல், டொக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர் அவர். உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் அந்தக் காலத்திலேயே தமிழில் படித்த மண் இது. ஒரு ரிப்போர்ட்டைத் தமிழில் விளங்கப்படுத்துவது கடினம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அப்பாவின் ரிப்போர்ட்டில் 61 என்று இருக்கிறது. நுரையீரல் 61 வீதம்தான் வேலை செய்கிறதா?

இல்லை. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் பயப்படுத்துவதும் இதுதான். அப்பாவின் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து, அப்படிப்பட்ட சுகதேகி ஒருவர் எவ்வளவு ஊதுவார் என்று மிஷின் கணக்குப் போட்டுவைத்திருக்கும். அதில் அப்பா ஊதியது 61 வீதம். அவ்வளவுதான். பரீட்சைப் புள்ளி போல 100 எடுத்தால்தான் சரி என்றும் இல்லை. சுகதேகிகளே சுமாராக 80க்கும் 120க்கும் இடையில் பரந்து கிடப்பார்கள்.

இந்த வீதம் முழுக்க அந்தக் கணக்கில் தங்கியிருக்கிறது. 160 சென்ரிமீற்றர் ஆளுக்கு யாராவது 170 என்று அடித்துவிட்டால், எதிர்பார்க்கும் அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். சுகமாக இருப்பவரும் நோயாளியாகிவிடுவார். அதனால் தாளின் தலைப்பில் உள்ள வயதையும் உயரத்தையும் சரிபாருங்கள். அடையாள அட்டையில் உள்ள வயதுக்கும் பிறந்த வயதுக்கும் வித்தியாசம் உள்ள பெரியவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதுகு கூனியவர்களுக்கு உயரம் பிழையாக வரும். அவர்களுக்குக் கையிரண்டையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிப்போம்.

எந்த மக்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதும் முக்கியம். ஒரே உயரமுள்ள ஐரோப்பியரைவிட நம் பக்கத்து மக்களின் அளவுகள் சராசரியாகக் குறைவு. 2012இல் வந்த உலகளாவிய கணக்கில் இனக்குழுக்களுக்குத் தனித்தனி அளவு இருந்தது. 2022இல் எல்லோருக்கும் பொதுவான ஒன்று வந்தது. ஒரே ஊதலுக்கு இரண்டு கணக்கிலும் வேறு வேறு வீதம் வரும். ஓரிடத்தில் 68, இன்னோரிடத்தில் 61 என்றால் வருத்தம் முற்றிவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். இரண்டு தாளிலும் லீற்றர் அளவு என்ன என்று பாருங்கள்.

அப்படியென்றால் தாளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஊதல் சரியாக நடந்ததா என்பதை. எண்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுருட்டுக் கொட்டிலில் வாழ்நாள் முழுக்க வேலைசெய்த ஐயா ஒருவர் வந்தார். குழாயை வாயில் வைத்து, குப்பி விளக்கை அணைப்பதுபோல "பூ" என்று ஊதிவிட்டுத் தலையை எடுத்துவிட்டார். இரண்டு செக்கன்கூட இல்லை. எஃப்.இ.வி.1 1.28 லீற்றர், எஃப்.வி.சி. 1.72 லீற்றர், விகிதம் 0.74. தாங்கி சிறியது, குழாயில் அடைப்பில்லை என்று மிஷின் அச்சடித்துத் தந்தது. ஐயாவை இளைப்பாற விட்டேன். தண்ணீர் குடித்தார். திரும்ப உட்காரவைத்து, மகளையும் பக்கத்தில் நிற்கச்சொல்லி, "ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், இன்னும், விடாதேங்கோ" என்று இருவருமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, ஒன்பது செக்கன் ஊதினார். எஃப்.இ.வி.1 1.30, எஃப்.வி.சி. 2.70. விகிதம் 0.48. கால் மணிநேர இடைவெளியில் நோயின் பெயரே மாறிவிட்டது. முதல் தாளோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் இல்லாத வருத்தத்தைத் தேடி அலைந்திருப்பார், இருக்கிற வருத்தத்துக்கு மருந்து கிடைத்திருக்காது.

ஆகவே பார்க்க வேண்டியவை இவை. தொடக்கம் வெடித்தாற்போல் வேகமாக இருக்க வேண்டும். முதல் செக்கனில் இருமல் வந்திருக்கக் கூடாது. காற்று வருவது நின்று கோடு மட்டமாகும் வரை ஊதியிருக்க வேண்டும். இப்படி மூன்று நல்ல ஊதல்களாவது வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சில மிஷின்கள் ஊதலின் தரத்தை ஓர் எழுத்தாலும் குறித்துக்காட்டும். தரம் மோசம் என்றால் அந்தத் தாளை வைத்து வாதாடிப் பயனில்லை, இன்னொரு நாள் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வளைகோடு எதைக் காட்டுகிறது?

எனக்குக் கோடுதான் முதலில் கண்ணில் படும். நல்ல ஊதலின் கோடு வள்ளத்துப் பாய்போல இருக்கும். நேராக மேலே எழும்பி, உச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரே சரிவாக இறங்கும். மூச்சுக்குழாய் ஒடுங்கியவருக்கு உச்சியைத் தாண்டியதுமே கோடு உள்ளே விழுந்து, துணி காயப்போட்ட கொடிக்கயிறு தொய்ந்ததுபோல் நீண்டுகொண்டே போகும். ஆஸ்துமாவைத் தொய்வு என்றும் நம் ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல் எப்படி வந்ததோ, தாளில் கோடும் தொய்ந்துதான் இருக்கும். நுரையீரல் சுருங்கியவருக்கோ பாய் சின்னதாகிவிடும், வடிவம் மாறாது, ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். இடையிலே பல்லுப்பல்லாக வெட்டினால் இருமியிருக்கிறார். உச்சியே மொட்டையாக இருந்தால் வேகமாக ஊதத் தொடங்கவில்லை, அல்லது பெரிய மூச்சுக்குழாயிலேயே ஏதோ தடை இருக்கிறது.

விகிதம் 0.70க்குக் குறைந்தால் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) தானா?

குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிறகும் 0.70க்குக் குறைவாக இருந்தால், மூச்சிளைப்பும் இருமலும் சளியும் இருந்தால், புகையோ தூசியோ பட்ட வரலாறும் இருந்தால், ஆம். கோல்ட் என்ற பன்னாட்டு வழிகாட்டியின் கோடு அது. மூன்றும் சேர வேண்டும், எண் மட்டும் போதாது.

0.70 என்பது நினைவில் வைக்கச் சுலபமான ஓர் எண். ஆனால் வயது போகப் போக எல்லோருக்கும் விகிதம் கொஞ்சம் இறங்கும். ஒரு வருத்தமும் இல்லாத எண்பது வயது அப்பு 0.68 ஊதலாம். அதே நேரம் முப்பது வயது இளைஞனுக்கு 0.72கூடச் சந்தேகத்துக்குரியது. அதனால்தான் பல ரிப்போர்ட்டுகளில் "இயல்பின் கீழெல்லை" என்று இன்னொரு நிரல் இருக்கிறது. அந்த வயதுக்காரச் சுகதேகிகளில் 100 பேரில் 95 பேர் அதற்கு மேலே இருப்பார்கள். இதையே இசட் ஸ்கோர் என்று போட்டிருந்தால் எல்லை மைனஸ் 1.64. வயதானவர்களுக்கும் இளையவர்களுக்கும் நான் இந்த எல்லையைத்தான் பெரிதாக நம்புவேன்.

அடைப்பு உண்டு என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு கடுமை என்ற கேள்வி வரும். அதற்கு எஃப்.இ.வி.1 வீதத்தைப் பார்ப்பார்கள். கோல்ட் கணக்கில் 80க்கு மேலே இலேசு, 50 முதல் 79 வரை நடுத்தரம், 30 முதல் 49 வரை கடுமை, 30க்குக் கீழே மிகக் கடுமை. இவை நோயாளியின் அன்றாடத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. 45 வீதத்தோடு நல்லூர்த் தேர் பார்க்கக் காலையிலேயே நடந்து போய்வருபவரும் உண்டு, 65 வீதத்தோடு கிணற்றடிக்குப் போகவே இரண்டு தரம் நிற்பவரும் உண்டு. டொக்டர் எண்ணோடு சேர்த்து எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், வருடத்தில் எத்தனை தரம் கடுமையாகி ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள் என்று கேட்பது அதற்காகத்தான். அந்த இடத்தில் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஏன் பம்ப் தந்துவிட்டுத் திரும்பவும் ஊதச் சொல்கிறார்கள்?

குழாய் ஒடுக்கம் திறக்குமா, நிரந்தரமா என்று பார்க்க. குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமோல் மருந்தை வழமையாக 400 மைக்ரோகிராம் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, திரும்ப ஊதவைப்போம்.

மேலே கேட்ட அப்பாவின் தாளையே எடுப்போம். வயது 62. முதல் ஊதலில் எஃப்.வி.சி. 2.80, எஃப்.இ.வி.1 1.40, விகிதம் 0.50. அவருக்கு எதிர்பார்க்கும் எஃப்.இ.வி.1 2.30 லீற்றர், அதனால்தான் 61 வீதம். பம்ப்புக்குப் பிறகு எஃப்.வி.சி. 2.95, எஃப்.இ.வி.1 1.52, விகிதம் 0.52. கூடியது 120 மில்லிலீற்றர். பழைய விதிப்படி 200 மில்லிலீற்றரும் 12 வீதமும் சேர்ந்து கூடினால்தான் பம்ப்புக்கு நல்ல பதில். புதிய விதி, எதிர்பார்க்கும் அளவில் 10 வீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்கிறது. அப்பாவுக்கு அது 230 மில்லிலீற்றர். இரண்டு விதியிலும் அவர் தேறவில்லை. அடைப்பு பெரும்பாலும் நிரந்தரம். மருந்துக்குப் பிந்திய 1.52 என்பது 66 வீதம், ஆகவே நடுத்தரம்.

பம்ப்புக்குப் பதில் இல்லை என்றால் பம்ப் வேலைசெய்யாது என்று அர்த்தம் இல்லை. ஒரு நாளில் 15 நிமிடத்தில் நடந்ததைத்தான் அது காட்டுகிறது. அதேபோல், பதில் நன்றாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று சத்தியம் செய்ய முடியாது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களிலும் பலருக்குக் கொஞ்சம் திறக்கும். ஆனால் ஊதல் முழுவதும் இயல்புக்குத் திரும்பிவிட்டால் அது சி.ஓ.பி.டி. இல்லை.

தொய்வு உள்ள மகளுக்கு ரிப்போர்ட் நோர்மல். அப்போ வருத்தம் இல்லையா?

இருக்கலாம். தொய்வு வந்து போகும் வருத்தம். நல்ல நாளில் ஊதினால் நல்ல எண்தான் வரும். இழுப்பு உள்ள நாளில் திரும்பச் செய்யலாம். அல்லது வீட்டில், ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரால் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் கொப்பியில் எழுதி வரலாம். ஏறி இறங்குவது அங்கே தெரியும். சி.ஓ.பி.டி.யின் கடுமையை அளக்க அந்தச் சின்ன மீற்றர் உதவாது. தொய்வுக்கு மட்டும் அது நல்ல துணை.

விகிதம் நல்லது, எஃப்.வி.சி. குறைவு. இது என்ன?

58 வயது அம்மா ஒருவர்: எஃப்.வி.சி. 1.30 லீற்றர், எதிர்பார்ப்பில் 62 வீதம். எஃப்.இ.வி.1 1.12. விகிதம் 0.86. குழாயில் அடைப்பில்லை, தாங்கி சிறியது. நுரையீரல் நார்பிடித்து இறுகியிருக்கலாம். நெஞ்சுக்கூடு கோணியிருக்கலாம், உடற்பருமன் உதரவிதானத்தை மேலே தள்ளலாம், தசை பலவீனமாக இருக்கலாம். போர்க்காலத்தில் நெஞ்சில் காயப்பட்டு, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துப்போனவர்களிலும் இதே வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் காயத்தைப் பற்றித் தாங்களாகப் பேசமாட்டார்கள். "நெஞ்சிலே எப்பவாவது அடிபட்டதோ, குழாய் போட்டதோ" என்று மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஊதல் பரிசோதனை இங்கே சந்தேகத்தைத்தான் எழுப்பும், உறுதிசெய்யாது. முழுக்க ஊதிய பிறகும் நுரையீரலில் ஒரு பங்கு காற்று தங்கிவிடும், ஸ்பைரோமீட்டர் அதைப் பார்க்காது. அதையும் சேர்த்து மொத்தக் கொள்ளளவை அளக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்திச் செய்யும் பரிசோதனை உண்டு. காற்று இரத்தத்துக்குள் எவ்வளவு தூரம் கடக்கிறது என்பதற்கு டி.எல்.சி.ஓ. என்று இன்னொன்று உண்டு. நார்பிடித்த நுரையீரலில் டி.எல்.சி.ஓ. இறங்கும். முதுகு கோணலால் வந்த சுருக்கத்தில் அது அவ்வளவாக இறங்காது. இரத்தசோகை இருந்தாலும் டி.எல்.சி.ஓ. குறையும் என்பதால் ஹீமோகுளோபின் அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

அம்மா ஒருநாளும் புகைத்ததில்லை. எப்படி சி.ஓ.பி.டி. வந்தது?

அடுப்படியைப் பாருங்கள். ஐம்பது வருடம் கூரை தாழ்ந்த குசினிக்குள் பொச்சும் பன்னாடையும் காய்ந்த ஓலையும் எரித்து, குனிந்து ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்தவர். அந்தப் புகையும் புகைதான். சிறுவயதுக் காய்ச்சல்களும் பழைய காசநோயும் இதே தடத்தை விட்டுச்செல்லும். காசநோய் மருந்தால் முற்றாக மாறியிருக்கும், சளியில் கிருமி இருக்காது, ஆனால் தழும்பு நிற்கும். அந்தத் தழும்பு குழாயையும் ஒடுக்கும், தாங்கியையும் சுருக்கும். அவர்களின் தாளில் விகிதமும் எஃப்.வி.சி.யும் சேர்ந்தே குறைந்திருக்கும். அடைப்பால் காற்று உள்ளே சிறைப்பட்டாலும் எஃப்.வி.சி. குறையும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரேயும் மொத்தக் கொள்ளளவும் வேண்டும்.

கிளினிக்கில் ஆண்களிடம் "சுருட்டா, சிகரெட்டா" என்று கேட்கிறோம். பெண்களிடம் "என்ன அடுப்பு, எத்தனை வருடம்" என்று கேட்பதும் அதே அளவுக்கு அவசியம். யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

ரிப்போர்ட் முழுக்க நல்லது, ஆனால் மூச்சு வாங்குகிறது. ஏன்?

இதயம், இரத்தசோகை, நுரையீரல் இரத்தக்குழாய், உடல் பழக்கமற்றுப் போனமை, இப்படிப் பல. ஊதல் நல்லது என்ற தாளோடு திருப்திப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சுமுட்டினாலோ கால் வீங்கினாலோ உடனே காட்டுங்கள்.

போன வருடம் 1.52, இந்த வருடம் 1.45. மோசமாகிறதா?

70 மில்லிலீற்றரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே நாளில் அடுத்தடுத்த ஊதலுக்கே 150 வரை வித்தியாசத்தை ஏற்கிறோம் அல்லவா? இருபதுகளின் கடைசியிலிருந்து சுகதேகிக்கே வருடத்துக்கு 25, 30 மில்லிலீற்றர் குறைந்துகொண்டுதான் போகும். தொடர்ந்து புகைப்பவர்களில் பலருக்கு அது இரண்டு மடங்காகும். புகைப்பதை விட்டால் போனது முழுக்கத் திரும்பாது, இறங்கும் வேகம் குறையும். ஐம்பது வயதில் விட்டாலும் அறுபதில் விட்டாலும் இலாபம்தான். மூன்று நான்கு தாள்களை வரிசையாக வைத்தால்தான் சரிவு தெரியும். நார்பிடித்த நுரையீரலில் மட்டும் பொறுத்திருக்க முடியாது. அங்கே எஃப்.வி.சி. ஒரு வருடத்தில் 10 வீதம் விழுந்தால் டொக்டர் மருந்தைப் பற்றித் திரும்ப யோசிப்பார்.

ஒரு வருடம் பம்ப் அடித்தும் எண் கூடவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். சி.ஓ.பி.டி.யில் பம்ப்பின் பலன் பெரும்பாலும் எஃப்.இ.வி.1இல் தெரியாது. உள்ளே சிறைப்பட்ட காற்று குறையும், நடக்கும் தூரம் கூடும், ஆஸ்பத்திரியில் படுக்கும் தடவைகள் குறையும். அப்புறம், பம்ப்பை எப்படி அடிக்கிறீர்கள் என்று யாரிடமாவது செய்து காட்டுங்கள். மருந்து நாக்கில் பட்டு நின்றுவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். பம்ப்போடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்துச் சரியாக அடிக்கத் தொடங்கிய பிறகு, "இப்பதான் மருந்து மருந்தாத் தெரியுது" என்று ஓர் அம்மா சொன்னார். அதே மருந்து, அதே அளவு.

குறைந்த எண்ணுக்கு வீட்டில் ஒட்சிசன் வேண்டுமா?

ஊதலை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. விரலில் மாட்டும் கருவியும் இரத்தப் பரிசோதனையும்தான் அதற்கு. வருத்தம் அடங்கியிருக்கும் நாட்களிலும், ஓய்வாக இருக்கும்போது, விரல் கருவியில் ஒட்சிசன் அளவு 88 வீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால் பேச வேண்டிய விசயம் அது.

ஊத வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். இறுக்கமில்லாத உடுப்பு. ஒரு மணிநேரத்துக்கு முன்பிருந்தே புகைக்க வேண்டாம், ஓடியாட வேண்டாம். இறுக்கமான பொய்ப்பல் என்றால் கழற்ற வேண்டியதில்லை, உதடு நன்றாக மூடும். முதன்முறையாக நோயைக் கண்டுபிடிக்கச் செய்கிறார்கள் என்றால் பம்ப்பை நிறுத்தி வரச்சொல்வார்கள். சல்பியூட்டமோலுக்கு 4 முதல் 6 மணிநேரம், நீண்டநேர மருந்துகளுக்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேல். சொல்லாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம், மூச்சு முட்டினால் அடித்துவிட்டு வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

அண்மையில் மாரடைப்பு, கண் அல்லது வயிற்றுச் சத்திரசிகிச்சை, நுரையீரல் ஓட்டை, சளியில் இரத்தம், சந்தேகத்துக்குரிய காசநோய் இருந்தால் ஊதும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊதல் சாதாரணமாகத் தெரியும், ஆனால் நெஞ்சுக்குள்ளும் கண்ணிலும் அழுத்தம் நன்றாகவே கூடும்.

பழைய ரிப்போர்ட்டுகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

எல்லாவற்றையும், எப்போதும். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு சேர்த்துக் காகிதங்களையும் விட்டுவிட்டு ஓடிய தலைமுறை இன்று என் முன்னால் உட்கார்ந்து ஊதுகிறது. சிறுவயதில் என்ன வருத்தம், எந்த எக்ஸ்ரேயில் என்ன இருந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு தாளும் இல்லை. ஒப்பிட முதல் எண் இல்லாமல்தான் தொடங்குகிறோம். சில மிஷின்கள் சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாளில் தருகின்றன. அது நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்துக்குள் வெளிறிவிடலாம். அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து, பின்பக்கத்தில் திகதியையும், அன்று பம்ப் அடித்துவிட்டு ஊதினீர்களா அடிக்காமல் ஊதினீர்களா என்பதையும் பேனையால் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.